பேனாக்கத்தியும் பெருங்கடலும்

விடுமுறைக்கு உல்லாசக் கப்பலில் செல்கிறவர் தற்காப்புக்காகச் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருப்பது நல்லது என்றொரு கருத்து உலவி வருகிறது. ஃபுளோரிடாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் புறப்படும் அமெரிக்கப் பயணிகளிடம் அது மிகுதி. அங்கே குடியேறிய நம்மவரும் இப்போது அதை ஒப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்யோசனையின் தோரணையோடு சொல்லப்படுவதால் இதை யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டும் என்பது என் தரப்பு. ஆனால் ஒரு கருத்தை மறுப்பதற்கு முன் அதை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை.

அத்தரப்பின் வாதம் இது. மூவாயிரம், நாலாயிரம் அந்நியர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு, குடித்து, உறங்கும் ஒரு மிதக்கும் நகரம் அது. ஆனால் அந்நகரத்தில் காவல் நிலையம் கிடையாது. பாதுகாப்பு அலுவலர் என்று சீருடை அணிந்து நிற்பவர் கப்பல் நிறுவனத்தின் சம்பளக்காரர். ஒரு குற்றம் வெளியே தெரியாமல் போவதில் அவருக்கு ஊதியம் தருபவருக்கு ஆதாயம் உண்டு. கரையிலிருந்து உதவி வந்து சேரப் பல மணி நேரமாகும். துறைமுகத்தில் இறங்கி நடந்தாலோ, சட்டமும் தெருவும் பழக்கமில்லாத அயல்நாடு. ஆகவே, தன் கையே தனக்குதவி. அந்தக் கையில் ஒரு கத்தி இருக்கட்டும்.

இவ்வாதத்தின் முன்பாதி முழுக்க உண்மை. அதை மறைத்துவிட்டுக் கத்தியை மட்டும் நையாண்டி செய்பவர்கள் நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள். என் மறுப்பு பின்பாதிக்கு. காவல் இல்லை என்பதிலிருந்து கத்தி வேண்டும் என்பது பிறக்கவில்லை; அவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது பயம் ஒன்றே.

1. கருவியும் ஆயுதமும்

நான் கத்திக்கு எதிரி அல்லன். தமிழில் அதைப் பேனாக்கத்தி என்றே சொல்லி வந்திருக்கிறோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த சிறு கத்திக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரின் வழிவந்த சொல் அது. எழுதுகிறவனின் மேசைப் பொருளாகத்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. பென்சில் சீவவும், பழம் நறுக்கவும், கட்டிய கயிற்றை அறுக்கவும் அதைவிட உற்ற துணை இல்லை.

உலகெங்கும் புகழ்பெற்ற சுவிஸ் ராணுவக் கத்தியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1884-இல் இபாக் என்னும் சிற்றூரில் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், பின்னர் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். அந்தக் கத்தி தகரடப்பாவைத் திறப்பதற்கும், துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பதற்கான திருகாணியைக் கழற்றுவதற்கும் ஆனது. 1897-இல் பதிவு செய்யப்பட்ட அதிகாரிகளுக்கான கத்தியில் மது பாட்டிலின் தக்கையை இழுக்கும் திருகும் சேர்ந்தது. போருக்குச் செல்கிறவனின் பையிலிருந்தபோதும் மடக்குக் கத்தி ஆயுதமாகக் கருதப்படவில்லை. சண்டையிட அவனிடம் துப்பாக்கி இருந்தது. போர்வீரனே சண்டைக்கென எடுத்துச் செல்லாத பொருளை, உல்லாசப் பயணி சண்டைக்கென எடுத்துச் செல்கிறார்!

ஒரு பொருளைக் கருவியாக்குவதும் ஆயுதமாக்குவதும் அதை வைத்திருப்பவரின் எண்ணமே. இது வெறும் தத்துவம் அன்று, சட்டமும் இதையே சொல்கிறது. சௌதாம்டனில் கப்பலேறும் பயணியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே கத்தியைப் பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால், 1953-ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டப்படி அது தாக்கும் ஆயுதம். பொதுவான அச்சத்தால் தற்காப்புக்கு வைத்திருந்தேன் என்பது அங்கே தக்க காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஆப்பிள் நறுக்க வைத்திருந்தவர் நடந்து போய்விடலாம். 'என் பாதுகாப்புக்காக' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் தம் வாயாலேயே தம்மைக் குற்றவாளியாக்கிக் கொள்கிறார். நம் நண்பர்கள் பெருமையோடு உச்சரிக்கும் அந்த ஒற்றைச் சொல்தான் பேனாக்கத்தியைச் சூரிக்கத்தியாக மாற்றுகிறது.

சிங்கப்பூரிலிருந்து கப்பலேறுகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கு அங்கே சிறையோடு பிரம்படியும் உண்டு. ஒரு வாரப் பயணத்தில் கப்பல் நான்கு நாடுகளைத் தொடுமானால், சட்டைப்பையிலுள்ள கத்தி நான்கு சட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காலையில் ஒரு தீவில் பழம் நறுக்கும் கருவி, மறுநாள் அடுத்த தீவில் குற்றப்பத்திரிகையின் முதல் வரி.

2. எதைக் கண்டு அஞ்சுகிறோம்?

கத்தி வைத்திருப்பவரின் மனத்தில் ஓடும் காட்சி ஒன்று உண்டு. இருண்ட மேல்தளம், எதிரே முகமூடி அணிந்த அந்நியன், அவன் கையில் ஆயுதம். திரைப்படங்கள் நமக்குள் விதைத்த காட்சி அது. கப்பல்களில் உண்மையில் நேர்பவை வேறு.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு ஜூலையில் உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றியிறக்கும் பெரிய கப்பல்கள், கொலை, ஐயத்துக்குரிய மரணம், அமெரிக்கர் காணாமற்போதல், கடத்தல், கொடுங்காயம் விளைத்த தாக்குதல், பாலியல் குற்றம், பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட திருட்டு முதலியவற்றை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது விதித்தது. அவ்வாறு தெரிவிக்கப்படும் குற்றங்களின் பட்டியலை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை காலாண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் புலப்படும் செய்தி ஒன்றுதான்: மிகப் பெரும் பங்கு பாலியல் குற்றங்களுக்கு உரியது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சக பயணிகளும் இருக்கிறார்கள், கப்பல் ஊழியர்களும் இருக்கிறார்கள்.

இவ்வகைக் குற்றம் நிகழும் விதத்தை நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். பகலில் சிரித்துப் பேசி, இரவு உணவில் உடன் அமர்ந்து, மதுக்கூடத்தில் கோப்பையை நீட்டிய முகம் அது. சில வேளை அறையைத் திறக்கும் அட்டையை அலுவல் நிமித்தம் வைத்திருக்கும் ஊழியர். பாதிக்கப்பட்டவர் மயக்கத்திலோ, உறக்கத்திலோ, நம்பிக்கையிலோ இருக்கும் கணத்தில் நிகழ்வது. உறங்குகிறவரின் கத்தி மேசை இழுப்பறையில் உறங்கும். மதுவில் ஏதோ கலக்கப்பட்டவரின் கை, மடக்குக் கத்தியின் அலகை வெளியே இழுக்கும் நிலையில் இராது. நீச்சல் குளத்துக்குச் செல்லும் சிறுமியின் நீச்சலுடையில் சட்டைப்பையே கிடையாது. கத்தி தேவைப்படும் என்று நாம் அஞ்சும் இடத்திலெல்லாம் கத்தி பயனற்றுக் கிடக்கிறது. அது பயன்படக்கூடிய இடமோ நம் கற்பனையில் மட்டும் இருக்கிறது.

3. கை, அலகு, குறுகிய நடைவழி

பயன்படக்கூடிய இடம் ஒன்று வாய்த்ததாகவே கொள்வோம். அப்போது என்ன நேரும்?

கத்தி எட்டி நின்று காக்கும் ஆயுதம் அன்று. எதிராளியின் கை நம் கழுத்தை எட்டும் தொலைவுக்கு அவன் வந்தால்தான் நம் கத்தி அவனை எட்டும். பூட்டில்லாத மடக்குக் கத்தியால் குத்தினால், அலகு திரும்பி மடங்கிக் குத்தியவரின் விரல்களையே அறுக்கும். குருதி பட்டு வழுக்கினால் பிடி அலகின் மீது இறங்கும். பழக்கமற்றவர் கையிலிருந்து வலிமையுள்ளவன் கத்தியைப் பறிப்பது கடினம் அன்று. பறித்தபின் அங்கே ஒரு கத்தி இருக்கிறது, அது எதிரியிடம் இருக்கிறது. கப்பலின் நடைவழிகளோ குறுகியவை, அறைகள் அதனினும் குறுகியவை. விலகி ஓடுவதே முதல் தற்காப்பு என்று எந்தத் தற்காப்புக் கலை ஆசிரியரும் சொல்வார். கையில் கத்தி இருக்கிறது என்ற நினைப்பு ஓட வேண்டியவரை நிற்க வைக்கிறது. நான் அஞ்சுவது கத்தியை விட இந்த நினைப்பைத்தான்.

இன்னொரு காட்சியையும் காண்போம். 2022 ஜூன் மாத இறுதியில், நியூயார்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த கார்னிவல் மேஜிக் என்னும் கப்பலின் நடனக்கூடத்தில் விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு பயணிகளிடையே பெருங்கைகலப்பு மூண்டது. பாதுகாப்பு அலுவலர்களால் எளிதில் அடக்க முடியவில்லை. கடலோரக் காவல்படைப் படகு துணைவரக் கப்பல் துறைமுகம் சேர்ந்தது. குடித்த கூட்டம், இசையின் இரைச்சல், ஒரு சிறு பொறாமை: அவ்வளவே அதற்குப் போதுமானது. அங்கிருந்த ஒவ்வொருவர் பையிலும் 'பாதுகாப்புக்காக' ஒரு கத்தி இருந்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள். கத்தி வைத்திருக்க வேண்டும் என்பவர் தம்மை மட்டுமே நினைத்துச் சொல்கிறார். ஆனால் ஓர் அறிவுரை நல்லதா என்று பார்க்க அதை எல்லோரும் பின்பற்றினால் என்னவாகும் என்று கேட்க வேண்டும். மூவாயிரம் கத்திகள் மிதக்கும் நகரத்தில் முன்னைவிட நிம்மதியாக உறங்குவேன் என்று சொல்லக்கூடியவர் யார்?

4. கடல் கற்பித்த பாடங்கள்

முகமூடி அணிந்த அந்நியன் உண்மையிலேயே வந்த நாட்களும் உண்டு. 1985 அக்டோபர் 7 அன்று, எகிப்தின் கரையோரம் சென்றுகொண்டிருந்த அக்கில்லே லௌரோ என்னும் இத்தாலியக் கப்பலைத் துப்பாக்கி ஏந்திய நால்வர் கைப்பற்றினர். சக்கர நாற்காலியில் இருந்த லியோன் கிளிங்ஹாஃபர் என்னும் அறுபத்தொன்பது வயது அமெரிக்க யூதரைக் கொன்று கடலில் தள்ளினர். தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே மூன்று அங்குல அலகு எதைச் சாதித்திருக்கும்? அந்தக் கொலை உலகை அசைத்ததால்தான் 1988-இல் ரோமில் கடற்பயணப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. செப்டம்பர் 11-க்குப் பின் இயற்றப்பட்ட கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

2005 நவம்பரில் சோமாலியாவுக்கு அப்பால் சீபோர்ன் ஸ்பிரிட் என்னும் கப்பலைக் கடற்கொள்ளையர் இரு படகுகளில் வந்து தாக்கினர். ராக்கெட் குண்டும் வீசினர். கப்பல் தலைவர் திசையைத் திருப்பி வேகமெடுத்தார். பயணிகள் உட்கூடத்தில் திரட்டப்பட்டனர். ஊழியர்கள் தீயணைப்புக் குழாயின் நீரையும், காதைத் துளைக்கும் ஒலிக்கருவியையும் கொண்டு கொள்ளையரை விரட்டினர். பயணிகளில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. காத்தவை பயிற்சியும், ஒழுங்கும், தலைமையும்.

தலைமை தவறினால் என்னவாகும் என்பதைக் கோஸ்டா கான்கார்டியா காட்டியது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த அக்கப்பலில் முப்பத்திரண்டு பேர் மாண்டனர். பயணிகள் இன்னும் உள்ளே இருக்கையில் கப்பல் தலைவர் வெளியேறியிருந்தார். பின்னர் பதினாறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் கொரோனா தொற்றுக்கு ஆளாயினர். கடலில் மனிதரைக் கொல்பவை பாறையும் நோயும் அலட்சியமும். இவற்றில் எதைக் கத்தியால் குத்துவது?

5. மாட்டிறைச்சிக் கத்தி என்னும் மறுப்பு

எதிர்த்தரப்பினர் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'இரவு உணவுக்கூடத்தில் ஒவ்வொரு மேசையிலும் பல் வைத்த கத்தியை நிறுவனமே வைக்கிறதே, என் பேனாக்கத்தியால் மட்டும் கப்பல் கவிழ்ந்துவிடுமா?'

கேள்வி நியாயமானது. நான்கு அங்குலத்துக்கு உட்பட்ட அலகைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில எந்தக் கத்தியையும் ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டுக்குத் தெளிந்த காரணம் ஏதும் கூறப்படுவதில்லை. ஒரு பகுதி வெறும் சடங்கு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. விமானங்களிலும் இப்படித்தான். 2001 செப்டம்பருக்கு முன் அமெரிக்க விமானங்களில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்திக்குத் தடை இல்லை. 2013 மார்ச்சில் சிறு கத்திகளை மீண்டும் அனுமதிக்கப்போவதாக அறிவித்த அரசு, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் ஜூனில் பின்வாங்கியது.

ஆனால் இக்கேள்வி கேட்பவரின் தரப்பை வலுப்படுத்துகிறதா? கப்பலெங்கும் கத்தி கிடைக்கிறது என்பது உண்மையானால், கத்தி கிடைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடவில்லை என்பதும் உண்மையாகிறது. உணவுக்கூடத்தில் நூற்றுக்கணக்கில் கிடந்தும் குற்றப்பட்டியலைக் குறைக்காத கத்தி, சட்டைப்பைக்கு வந்ததும் குறைத்துவிடும் என்று நம்புவது எப்படி?

6. யாருடைய பொறுப்பு?

இனி நான் சொல்லவந்த மையத்துக்கு வருகிறேன். கத்தி வாதம் பயனற்றது என்பது அதன் சிறு குறை. அது பொறுப்பை இடம் மாற்றுகிறது என்பதே பெருங்குறை.

பயணச் சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டதை எத்தனை பேர் படிக்கிறோம்? வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும், எத்தனை மாதத்துக்குள் தொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்துப் பெண்மணி ஒருவர் கார்னிவல் கப்பலில் வழுக்கி விழுந்து காயமுற்றுத் தம் ஊரிலேயே வழக்குத் தொடுத்தார். சீட்டில் அச்சிட்டபடி ஃபுளோரிடாவில்தான் தொடுக்க வேண்டும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சென்று நியாயம் கேட்க வேண்டும். பயணிகள் அமெரிக்கர், துறைமுகம் அமெரிக்காவில். பறப்பதோ பஹாமாஸ், பனாமா, பெர்முடா நாடுகளின் கொடி. சட்டத்தின் பார்வையில் அந்தத் தளம் பல வேளைகளில் அந்தத் தொலைதேசத்தின் நீட்சி. பயணிக்குக் காவல் இல்லாமற்போனது தற்செயல் அன்று.

இந்நிலையை ஓரளவேனும் மாற்றியவர்கள் யார்? கத்தி வைத்திருந்தவர்கள் அல்லர். கப்பலில் மகளைப் பறிகொடுத்து, நிறுவனம் மாதக்கணக்கில் அதைச் சரிவரத் தெரிவிக்காததால் கொதித்தெழுந்த ஒரு தந்தையும், அவரைப் போன்ற பிற குடும்பத்தினரும். 2006-இல் அவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியம் சொன்னார்கள். அதன் விளைவே மேலே சொன்ன 2010-ஆம் ஆண்டுச் சட்டம். மேல்தளக் கைப்பிடி குறைந்தது நாற்பத்திரண்டு அங்குல உயரம் இருக்க வேண்டும். அறைக் கதவில் வெளியே நிற்பவரைக் காணும் வசதி வேண்டும். எந்த ஊழியர் எப்போது அறைக்குள் நுழையலாம் என்பதற்கு விதிமுறை வேண்டும். கண்காணிப்புக் கருவிகள் வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தடயப் பரிசோதனைப் பொருள்களும், நோய்த்தடுப்பு மருந்தும், யாரும் ஒட்டுக்கேளாத தொலைபேசியில் காவல்துறையை அழைக்கும் உரிமையும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு கண்ணீருக்குப் பின் எழுதப்பட்ட வரி. பயணத்துக்கு முன் நாம் வாங்க வேண்டியது கத்தி என்றால், படிக்க வேண்டிய இந்த வரிகளை யார் படிப்பது?

'அவரவர் பாதுகாப்பு அவரவர் கையில்' என்று சொல்லும்போது நிறுவனத்தின் தோளிலிருந்து பாரத்தை இறக்கி நம் மகளின் தோளில் ஏற்றுகிறோம். நாளை அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால், அறைக்கதவின் பூட்டைக் குறித்தும், அளவின்றி மது ஊற்றியவரைக் குறித்தும், அழிந்துபோன கண்காணிப்புப் பதிவைக் குறித்தும் எழ வேண்டிய கேள்விகளுக்கு முன்னால் வேறொரு கேள்வி எழும்: 'நீ ஏன் கத்தி வைத்திருக்கவில்லை?' தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் அந்தக் கேள்விக்கு இன்றே நாம் வழி அமைத்துக் கொடுக்கலாகாது.

கப்பலில் செல்கிறவர் கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று முதல் நாளே பார்க்கட்டும். தெரியாதவர் நீட்டும் கோப்பையை மறுக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். குற்றம் நேர்ந்தால் கப்பல் அலுவலரின் எழுத்துக்காகக் காத்திராமல் தாமே எஃப்.பி.ஐ.யையோ தம் நாட்டுத் தூதரகத்தையோ நேரடியாக அழைக்கலாம் என்பதை அறிந்திருக்கட்டும். சீட்டு வாங்கும்போது அந்நிறுவனத்தின் பெயர் குற்றப்பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று கேட்கட்டும். பழம் நறுக்க விதி அனுமதித்தால் பேனாக்கத்தியையும் எடுத்துச் செல்லட்டும், எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட வேண்டாம். பாதுகாப்பு என்பது, காசு கொடுத்து ஏறிய ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டிருக்கும் கடன். அந்தக் கடனைக் கேட்டு வாங்க வேண்டும்.